கேட்டா உருப்படியா பதில் சொல்ற குரூப் எங்க இருக்கு?

சிப்புட்தம்பி:
வணக்கம், நான் மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். நேத்து ராத்திரி நல்ல மழை, காலையில அப்பாவோட ஹோண்டா ஈஎக்ஸ் ஃபைவ் மோட்டோர் ஸ்டார்ட்டே ஆகல, ஆறு மணிக்குப் பெரட்டு, அதான் வேலைக்குப் பேர் கூப்புடுற நேரம், மனுசன் உதைச்சி உதைச்சிப் பாத்துட்டு கால் வலியோட நடந்தே போனாரு. நாலு ஃபேஸ்புக் குரூப்ல கேட்டேன், வந்ததெல்லாம் போஸ்ட்ட மேல தூக்குற "அப்", தனியா மெசேஜ் பண்ணுங்கற "பிஎம் தெப்பி", ஒருத்தரு புது மோட்டோர் வாங்குன்னாரு. வொர்க்‌ஷாப்புக்கு இப்ப காசு இல்ல. நின்னு பதில் சொல்ற ஆளுங்க எங்கதான் இருக்காங்க?

பால்மரம்77:
தம்பி, எத்தன ஆயிரம் பேர் இருக்காங்கன்னு பாத்து சேராத. பழைய கேள்வி ஒரு பத்து எடுத்துப் படி. "என்ன மாடல், எப்ப நிக்குது"ன்னு திருப்பிக் கேக்குறாங்களா, கேட்டவரு கடைசியில வந்து "சரியாயிடுச்சி, இதான் கோளாறு"ன்னு எழுதியிருக்காரான்னு பாரு. நம்மூரு வண்டின்னா லோயாட்னு மலேசியா இணைய ஃபோரம் இருக்கு, அதுல தேடு. ரெடிட்ல மெக்கானிக் அட்வைஸ்னு ஒன்னு இருக்கு, இங்கிலீஷ்ல கேக்கணும்.

சரி, ஸ்பார்க் ப்ளக்க கழட்டிப் பாத்தியா? காஞ்சி இருந்தா எண்ணெய், அதான் பெட்ரோல், எறங்கல, கார்புரேட்டர பாக்கணும். ஈரமா இருந்தா எண்ணெய் வருது, கரண்டு பக்கம்தான் சந்தேகம்.

செம்பனை_அக்கா:
எங்க வீட்டுப் பின்னாடி கன்னு செம்பனை குருத்துல ஏதோ வண்டு ஓட்ட போட்டுச்சி. ஐநேச்சுரலிஸ்ட்ல போட்டேன், 2008லேர்ந்து ஓடுது, பூச்சி செடி எதுன்னு சொல்றதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. மொதல்ல ஒரே ஒரு மங்கலான படம், யாரும் சீண்டல. மறுபடி மேலேர்ந்து ஒன்னு, பக்கத்துலேர்ந்து ஒன்னு, கொம்பு தெரியற மாதிரி ஒன்னு, எடம் தேதியோட போட்டேன், அன்னிக்கு ராத்திரியே காண்டாமிருக வண்டுன்னு சொல்லிட்டாங்க. நீ அந்த குரூப்ல என்ன எழுதினியோ அத அப்படியே இங்க போடு பாப்போம்.

சிப்புட்தம்பி:
"மோட்டோர் ஸ்டார்ட் ஆகல, ஹெல்ப்". அவ்ளோதான் அக்கா. மழை பேஞ்சத கூட சொல்லல.

அண்ணே, ப்ளக் கழட்டிட்டேன், நல்லா ஈரம், பெட்ரோல் வாட அடிக்குது.

பால்மரம்77:
அப்ப எண்ணெய் வருது. ப்ளக்க தொடச்சி காய வை, ப்ளக் மூடிக்குள்ள தண்ணி நிக்குதான்னு பாரு, மழைக்கு அப்புறம்னா எனக்கு மொதல்ல அங்கதான் சந்தேகம். நல்லா ஊதி, தொடச்சி, காஞ்சதும் மாட்டிட்டு உதை. ஓடுனாலும் ஓடலன்னாலும் இங்கயே வந்து எழுது தம்பி, அடுத்த மழைக்கு இன்னொருத்தன் இதத் தேடிட்டு வருவான்.