ஃபால்அவுட் 5: எதை எதிர்பார்க்கிறீர்கள், எதற்கு அஞ்சுகிறீர்கள்?

கேள்வி: மோஜாவே வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ஃபால்அவுட் என்ற கணினி ஆட்டத் தொடரில், பெதெஸ்டா நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட் 4 2015 நவம்பரில் வெளிவந்தது. 2018-இல் வந்த ஃபால்அவுட் 76 இணையவழியில் பலர் சேர்ந்து ஆடுவதற்கென்று உருவாக்கப்பட்டது என்பதால், தனியொருவர் ஆடும் கதையின் அடுத்த பாகத்துக்காக நாம் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறோம். பெதெஸ்டாவின் இன்னொரு ஆட்டத் தொடரான எல்டர் ஸ்க்ரோல்ஸின் ஆறாம் பாகத்துக்குப் பிறகுதான் ஃபால்அவுட் 5 என்று அந்நிறுவனத்தின் ஆட்ட இயக்குநர் டாட் ஹோவர்ட் 2022-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்.

காத்திருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. காத்திருந்து கிடைக்கப்போவது எப்படி இருக்கும் என்பதுதான் கவலை. ஃபால்அவுட் 4-இல் எவரோடு பேசினாலும் நமக்குக் கிடைப்பவை நான்கே பதில்கள். அவையும் முழு வாக்கியங்களாக இல்லாமல் ஓரிரு சொற்களாகவே திரையில் தோன்றும். "கிண்டல்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி அழுத்தினால், நாம் நினைத்தே பார்க்காத ஒன்றை நம் கதைமாந்தர் பேசி முடித்திருப்பார். மறுப்பதற்கு வழி இருப்பதுபோல் தோன்றும் இடங்களிலும், பெரும்பாலும் அந்த மறுப்பு "இப்போது வேண்டாம், பிறகு வருகிறேன்" என்பதாகவே முடிந்துவிடும். இதே நிறுவனம் 2008-இல் ஃபால்அவுட் 3-இல் மெகாடன் என்ற ஊரையே அணுகுண்டு வைத்துத் தகர்க்கும் முடிவை நம் கையில் கொடுத்தது. தகர்த்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை அந்த ஊர் இல்லை. கடைக்காரி மோய்ரா மட்டும் கதிர்வீச்சால் உருக்குலைந்த உடலோடு பிழைத்து, இடிபாடுகளுக்கு அருகே நம் எதிரில் வந்து நிற்பாள்.

பெதெஸ்டா அந்தத் துணிவுக்குத் திரும்பும் என்று நம்ப இடமிருக்கிறதா? ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் பெற்ற வெற்றி இதற்கு உதவுமா, தடையாகுமா? விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

பதில்: நிலவறைவாசி

நல்ல கேள்வி, நண்பரே. உரையாடல் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அதைவிட ஆழமானது என்பது என் எண்ணம். அதை விளக்க, அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ் ஆட்டத்தின் முதல் ஊரையே எடுத்துக்கொள்கிறேன்.

குட்ஸ்பிரிங்ஸில் ரிங்கோ என்ற வணிகன் ஒளிந்திருக்கிறான். அவனைத் தேடிச் சிறையிலிருந்து தப்பிய கும்பலைச் சேர்ந்த ஜோ காப் வருகிறான். ஊரைக் காக்க முடிவெடுத்தால் ஊராரை ஒவ்வொருவராக நாம் திரட்ட வேண்டும். முதியவர் ஈஸி பீட் தன்னிடமுள்ள டைனமைட்டைத் தர வேண்டுமானால், வெடிபொருள்களைப் பற்றி நமக்குப் போதிய தேர்ச்சி இருக்க வேண்டும். மருத்துவர் மிட்செலிடம் கூடுதல் மருந்து பெற மருத்துவத் தேர்ச்சி வேண்டும். கடைக்காரர் செட் கவசம் தருவதற்குப் பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில், சற்று முன்பு நம் தேர்ச்சிகளுக்கு நாம் பங்கிட்டுக் கொடுத்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு மனிதரிடம் பேசும் பேச்சாக மாறுகின்றன. விரும்பினால் ஜோ காப்புடன் சேர்ந்து அதே ஊரை நாமே தாக்கவும் செய்யலாம். எந்தப் பக்கம் நின்றோமோ அதற்கேற்ப அந்த ஊர் நம்மை நினைவில் வைத்திருக்கும்.

ஃபால்அவுட் 4 இந்தத் தேர்ச்சி முறையையே கைவிட்டது. பேச்சில் வெல்வது பெரும்பாலும் கரிஸ்மா (பிறரைக் கவரும் திறன்) என்ற ஒரே பண்பைச் சார்ந்ததாகிவிட்டது. அறிவியல் தெரிந்தவரும் துப்பாக்கி மட்டுமே தெரிந்தவரும் ஒரே மாதிரி பேசும் உலகில், பாத்திரத்தை உருவாக்குவதற்கே பொருளில்லாமல் போகிறது. ஆகவே ஐந்தாம் பாகத்திடம் நான் முதலில் எதிர்பார்ப்பது தேர்ச்சிகள் திரும்ப வருவதையே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். ஃபால்அவுட் 5-இன் கதை முடிவோடு ஆட்டமும் முடிந்துவிட வேண்டும். ஃபால்அவுட் 3 முதலில் அப்படித்தான் முடிந்தது. ஆட்டக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டதால், 2009-இல் வந்த பிரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதி முடிவுக்குப் பின்னும் தொடர்ந்து ஆட வழி செய்தது. அங்கே தொடங்கியது இந்தச் சிக்கல். முடிவுக்குப் பிறகும் உலகம் திறந்தே இருக்க வேண்டுமானால், எந்த முடிவும் உலகத்தைப் பெரிதாக மாற்றிவிடக் கூடாது என்ற கட்டாயம் உருவாக்குபவர்களுக்கு வந்துவிடுகிறது. ஃபால்அவுட் 4-இல் இன்ஸ்டிடியூட் என்ற மறைவான அறிவியல் அமைப்பைத் தகர்த்த பிறகு, கதை நடக்கும் பாஸ்டனில் என்ன மாறுகிறது? வெற்றி பெற்ற அணியின் சோதனைச் சாவடிகள் சில இடங்களில் முளைக்கின்றன, அவ்வளவுதான். நியூ வேகஸ் ஹூவர் அணைப் போரோடு நின்றுவிடுவதால்தான், ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு தோழரும் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல அதனால் முடிந்தது. தொடர்ந்து ஆட விரும்புபவர் பழைய சேவ் கோப்புக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

பதில்: தலைநகர்த் தரிசு

நிலவறைவாசி அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நியூ வேகஸை அளவுகோலாக வைத்து பெதெஸ்டாவை அளக்கும்போது, அவர்கள் தாமாகவே திருத்திக்கொண்டவை நம் கண்ணில் படாமல் போகின்றன.

2016-இல் ஃபால்அவுட் 4-க்கு வந்த ஃபார் ஹார்பர் என்ற கூடுதல் பகுதியை மீண்டும் ஆடிப் பாருங்கள். மூடுபனி சூழ்ந்த ஒரு தீவு; துறைமுக மக்கள், செயற்கை மனிதர்களின் அகாடியா, அணுவை வணங்கும் கூட்டம் என்று மூன்று தரப்புகள். டீமா என்ற தலைவன் செய்த ஒரு கொலையைக் கண்டுபிடித்த பிறகு, அதை வெளிப்படுத்துவதா மறைப்பதா என்பது நம் பொறுப்பாகிறது. எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். 2020-இல் ஃபால்அவுட் 76-க்கு வேஸ்ட்லேண்டர்ஸ் புதுப்பிப்பு வந்தபோது, அதுவரை பேசும் மனிதர்களே இல்லாதிருந்த அந்த உலகத்துக்கு மனிதர்களும், நம் பண்புகளைச் சோதிக்கும் உரையாடல்களும் சேர்ந்தே வந்தன. 2023-இல் பெதெஸ்டா வெளியிட்ட விண்வெளி ஆட்டமான ஸ்டார்ஃபீல்டில் கதாநாயகனுக்குக் குரல் இல்லை; பதில்கள் மீண்டும் முழு வாக்கியங்களாகப் பட்டியலில் தெரிந்தன. எனவே நான்கு சொல் உரையாடல் திரும்ப வரும் என்று நான் அஞ்சவில்லை.

என் அச்சம் அதே ஸ்டார்ஃபீல்டைப் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைக் கொடுத்தார்கள். இறங்கிப் பார்த்தால் ஒரு கோளில் கண்ட கைவிடப்பட்ட ஆய்வகமே இன்னொரு கோளிலும் நிற்கும். அறைகளின் அமைப்பு மட்டுமல்ல, மேசைமேல் கிடக்கும் பொருள்கூட அதே இடத்தில் இருக்கும். ஃபால்அவுட் தொடருக்கு இந்த வழி எவ்வளவு ஒவ்வாதது என்பதற்கு ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். ஃபால்அவுட் 3-இல் கெல்லர் என்ற குடும்பத்தார் பதிந்த ஒலிநாடாக்கள் வெவ்வேறு இடிபாடுகளில் சிதறிக் கிடக்கும். போருக்கு முன்பு ஒரு நிலவறையில் ஒன்றுசேரலாம் என்று அந்தக் குடும்பம் திட்டமிட்டிருந்தது. நிலவறையின் கடவுக்குறியீட்டின் துண்டுகள் அந்த நாடாக்களில்தான் இருக்கின்றன. ஆட்டம் தரும் எந்தக் குவெஸ்ட் (பணி) பட்டியலிலும் இது வராது. வரைபடத்தில் அம்புக்குறி எதுவும் வழிகாட்டாது. ஒரு நாடாவைக் கேட்டவர், இன்னொன்று எங்கே இருக்கும் என்று தாமாகவே தேடிப் போகிறார். கணினி தானாகப் பெருக்கித் தரும் நிலப்பரப்பில் இப்படி ஒன்று அமையவே அமையாது. ஒருவர் உட்கார்ந்து யோசித்து, தம் கையால் ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்தால்தான் அது பிறக்கும்.

வரைபடம் ஃபால்அவுட் 4-இல் பாதி அளவே இருந்தாலும் எனக்கு மனநிறைவுதான். அதில் வரும் பிரெஸ்டன் கார்வியிடம் ஓர் ஊருக்கு உதவிவிட்டுத் திரும்பினால் உடனே இன்னொரு ஊரின் பெயரைச் சொல்வார். அந்தப் பணிகளுக்கு முடிவே கிடையாது. அவற்றை அறவே நீக்கிவிடட்டும்.

பதில்: வால்ட்_13_வாசல்

தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் பதில்.

2024 ஏப்ரலில் வந்த முதல் பருவம் 2296-ஆம் ஆண்டில் நடக்கிறது. நாம் ஆடிய எல்லாக் கதைகளுக்கும் பிந்தைய காலம் அது. 1997-இல் வந்த முதல் ஆட்டத்தில் சிற்றூராக நாம் கண்ட ஷேடி சாண்ட்ஸ், நியூ கலிபோர்னியா குடியரசின் பிறப்பிடம். தொடரில் அது குண்டு விழுந்த பெரும்பள்ளமாக இருக்கிறது. வகுப்பறைக் கரும்பலகையில் அதன் வீழ்ச்சிக்கு 2277 என்ற ஆண்டு எழுதப்பட்டிருந்ததால், 2281-இல் நடக்கும் நியூ வேகஸ் கதையையே அழித்துவிட்டார்களோ என்று பெரிய சர்ச்சை எழுந்தது. நியூ வேகஸ் நிகழ்வுகளுக்குப் பின்பே குண்டு விழுந்தது என்று ஹோவர்ட் விளக்கம் தந்த பிறகே அது ஓரளவு தணிந்தது.

காலக்குறிப்பைவிட என்னை வருத்துவது வேறு. இரண்டு ஆட்டங்களில் மக்கள் சட்டம், வேளாண்மை, நாணயம் எல்லாவற்றையும் படிப்படியாக மீட்டெடுத்ததைப் பார்த்தோம். அதை அழித்துவிட்டு மீண்டும் வெறும் தரிசிலிருந்து தொடங்குவது, அழிவுக்குப் பின் என்ன கட்டப்படும் என்ற கேள்வியையே ஒதுக்கிவைப்பதாகும். ஃபால்அவுட் தொடரைப் பிற பேரழிவுக் கதைகளிலிருந்து வேறுபடுத்தியது அந்தக் கேள்விதான். எனவே ஐந்தாம் பாகம் மேற்குக் கரையைத் தொடாமல், முதன்மைப் பாகங்கள் இதுவரை காணாத ஒரு பகுதிக்குப் போகட்டும். சிகாகோவும் பெரிய ஏரிகளும் எனக்கு விருப்பமானவை. அங்கே ஓர் அரசு உருவாகிக்கொண்டிருக்கட்டும். அது எப்படிப்பட்ட அரசாக அமையும் என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்யட்டும்.

பதில்: மாட்_தச்சன்

ஆட்டக்காரர்களே ஆட்டத்தில் செய்து சேர்க்கும் மாற்றங்களான மாட்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. 2024 ஏப்ரல் 25 அன்று ஃபால்அவுட் 4-க்குப் பெரிய புதுப்பிப்பு வந்தது; அதனால் எண்ணற்ற மாட்கள் ஒரே நாளில் செயலிழந்தன. ஏறத்தாழ அதே நாளில் வெளியிடத் திட்டமிட்டிருந்த, ஃபால்அவுட் லண்டன் என்ற பெரிய மாடின் குழுவினர் வெளியீட்டைத் தள்ளிவைத்து, ஜூலை 25 அன்றுதான் வெளியிட முடிந்தது. ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய அந்த ஆக்கம் இலவசமாகவே நமக்குக் கிடைத்தது. ஓர் ஆட்டத்தைப் பத்தாண்டுகளாக உயிரோடு வைத்திருப்பவர்கள் இவர்களைப் போன்றோரே.

ஐந்தாம் பாகத்திலும் கிரியேஷன் எஞ்சின் என்ற பெதெஸ்டாவின் ஆட்ட உருவாக்க மென்பொருளையே பயன்படுத்துவார்கள் என்றால் அதை நான் வரவேற்பேன். லோடிங் திரைகள் மிகுதி, முகபாவங்கள் பழமையானவை என்ற குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோப்பையைக்கூட எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், ஆயிரம் மணி நேரம் கழித்து வந்தாலும் அது அங்கேயே இருக்கும் என்ற தன்மையும், வெளியாட்கள் புகுந்து எதையும் மாற்றலாம் என்ற வசதியும் அந்த எஞ்சினோடு ஒட்டிப் பிறந்தவை. வேறு எஞ்சினுக்குப் போனால் இவ்விரண்டும் எளிதில் கிடைக்குமா என்பது ஐயமே. மாட் உருவாக்கும் கருவிகளை வெளியீட்டு நாளிலேயே தர வேண்டும். புதுப்பிப்பு வரும்போது பழைய பதிப்பில் தொடரும் வாய்ப்பை விட்டுவைக்க வேண்டும். எனக்கு வேண்டியவை இவ்விரண்டே.

கேட்டவர்: மோஜாவே வழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. நிலவறைவாசி அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி. 2018-இல் அப்சிடியனை வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2021-இல் பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தையும் வாங்கி முடித்தது. இரண்டும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஐந்தாம் பாகத்தை அப்சிடியனிடமே கொடுத்துவிடலாம் என்று பலரும் எழுதுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: நிலவறைவாசி

அப்சிடியன் ஒரு ஃபால்அவுட்டை உருவாக்க வேண்டும் என்பது என் விருப்பமும்தான். ஆனால் அது ஐந்தாம் பாகமாக இருக்க வேண்டாம். நியூ வேகஸை அவர்கள் ஏறத்தாழ 18 மாதங்களில் முடித்தார்கள் என்றால், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஃபால்அவுட் 3-இன் எஞ்சினும் கட்டுமானப் பொருள்களும் கையில் இருந்தன. அத்துடன், 2003-இல் கைவிடப்பட்ட வான் பியூரன் என்ற ஆட்டத்துக்காக முன்பே யோசித்து வைத்திருந்த சீசரின் படை என்ற எதிரணியும் ஹூவர் அணையும் காத்திருந்தன. அந்த அவசரத்தின் விலையாக, வெளியான நாள்களில் ஆட்டம் எத்தனை முறை நின்றுபோனது என்பதும் நம் நினைவில் இருக்கிறது.

எனவே முதன்மைப் பாகத்தைப் பெதெஸ்டா தன் போக்கில் நிதானமாக உருவாக்கட்டும். தலைநகர்த் தரிசு அவர்கள் காட்டிய கெல்லர் நாடாக்களைப் போன்றவற்றை அமைக்க அவர்களால்தான் முடியும். அது வெளிவந்த பிறகு, அதே எஞ்சினையும் பொருள்களையும் அப்சிடியனிடம் கொடுத்து, முன்பு கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு காலத்தையும் கொடுத்தால், இரு வகை ஆட்டங்களும் நமக்குக் கிடைக்கும்.