ரா ஃபைலில் எடுத்தால் வெளுத்த ஜன்னல் திரும்பி வருமா?

நிழல்வேட்டை:
"பாக்கெட் சினிமா கேமராவில் ரா எடுத்தால் எக்ஸ்போஷரைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஜன்னல் வெளுத்துப் போனாலும் கிரேடிங்கில் கொண்டு வந்துவிடலாம்" என்று ராப்பிரியன் நேற்று எழுதியிருக்கிறார். (ரா என்றால் சென்சார் பதிவுசெய்ததைப் படமாக்காமல் அப்படியே சேமிப்பது; கிரேடிங் என்றால் பிறகு நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வது.) படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. 2013-ல் வந்த முதல் பிளாக்மேஜிக் பாக்கெட்டில் இன்றும் எடுக்கிறேன். ரா வசதி அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட்டில் பிறகுதான் வந்தது, வந்த நாள் முதல் ராதான். சென்சாரில் நிரம்பி வழிந்த வெளிச்சம் போனது போனதுதான். புதியவர்கள் உங்கள் பேச்சை நம்பி எடுத்துவிட்டு, நடிகரின் தலைக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் ஒட்டிய மாதிரி ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு முழிப்பார்கள்.

ராப்பிரியன்:
என் ஜன்னல் வந்தது. எடுக்கும்போது திரையில் சுத்த வெள்ளை. ரிசால்வ் கிரேடிங் மென்பொருளில், வெளுத்த இடங்களை மீட்கும் ஹைலைட் ரெக்கவரியை டிக் செய்தேன், வெளியே இருந்த மரக்கிளை தெரிந்தது. 13 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு) வரை பிடிக்கும் என்று கம்பெனி சும்மாவா சொல்கிறது? கண்ணால் பார்த்ததை இல்லை என்கிறீர்களே.

நிழல்வேட்டை:
கிளை தெரிந்ததா, கிளையின் நிறம் தெரிந்ததா? சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலில் ஒன்று மட்டும் நிரம்பியிருந்தால், பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் பச்சைதான் முதலில் நிரம்பும், மிச்சமிருக்கும் சிவப்பையும் நீலத்தையும் வைத்து ரிசால்வ் ஊகித்து நிரப்புகிறது. மூன்றும் நிரம்பிவிட்டால் ஊகிக்கவும் ஒன்றும் இல்லை. உங்களுக்கு வந்தது ஜன்னல் இல்லை, ஜன்னலைப் பற்றிய ஊகம்.

மீட்டர்காரர்:
ஒரு நிமிடம். 'வெளுத்தது' என்று ஒருவர் திரையில் தெரிந்ததைச் சொல்கிறார், மற்றவர் சென்சார் நிரம்பியதைச் சொல்கிறார். முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

ராப்பிரியன்:
ஊகமோ என்னவோ, ஜன்னல் வந்தது. படம் பார்த்த ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

இரவுஷாட்:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ஐஎஸ்ஓவை 200-க்கு இறக்கினால் ஜன்னல் தானாகவே பிழைத்துவிடும். பிறகு வந்த மாடலான என் பாக்கெட் 4கே-யில் எப்போதும் அப்படித்தான்.

நிழல்வேட்டை:
இது அதைவிட மோசம். ராவில் ஐஎஸ்ஓ என்பது ஃபைலோடு போகும் குறிப்புதான், சென்சாரில் விழும் வெளிச்சத்தை அது ஒரு துளிகூட மாற்றாது. உங்கள் 4கே-யில் 400, 3200 என்று இரண்டு நேட்டிவ் ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் இரண்டு இயல்பு நிலைகள். 100 முதல் 1000 வரை முதலாவதில் ஓடும், 1250-லிருந்து இரண்டாவது. நீங்கள் 200 வைத்ததும் திரை இருட்டாகும், உடனே லென்ஸின் துவாரமான ஐரிஸைத் திறப்பீர்கள், ஜன்னல் இன்னும் சீக்கிரம் போய்விடும்! ஜன்னலைக் காப்பாற்ற வேண்டுமானால் அதே வரம்பில் 800, 1000 என்று மேலே வைத்து, ஐரிஸை மூடுங்கள் அல்லது வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். மிட் கிரேக்கு (நடுத்தரச் சாம்பல் நிறம்) மேலே அதிக ஸ்டாப் கிடைப்பது அங்கேதான். நிழலில் கொஞ்சம் நாய்ஸ் வரும், வரட்டும். மூன்று குறும்படங்களை இப்படித்தான் எடுத்தேன், ஒரு ஜன்னல்கூடப் போகவில்லை.

இரவுஷாட்:
மாய்ரே (நெருக்கமான கோடுகளில் வரும் அலை அலையான பொய்க்கோலம்) விவாதத்திலும் இதே தொனியில்தான் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். மறக்கவில்லை.

நிழல்வேட்டை:
முதல் பாக்கெட்டில் அதைக் குறைக்கும் லோ பாஸ் ஃபில்டர் கிடையாது, கோடுபோட்ட சட்டையில் மாய்ரே வரும் என்றேன். வந்ததா இல்லையா?

பழையரீல்:
எனக்கு இந்த ரா பைத்தியமே புரியவில்லை. முதல் பாக்கெட் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது, அதோடு கார்டையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1080, 12 பிட், 24 ஃபிரேம் என்றால் சுருக்காத ரா நொடிக்கு 75 எம்பி. அந்தக் கேமரா இழப்பில்லாமல் சுருக்கினாலும், சுருக்கிய வீடியோ ஃபார்மேட்டான புரோரெஸ் ஹெச்க்யூவின் 22 எம்பிக்குப் பக்கத்தில் வராது. நடிகரின் நல்ல டேக் கார்டு நிறைந்து பாதியில் நின்றுபோன வலி எனக்குத் தெரியும். புரோரெஸில் ஒழுங்காக எடுத்தால் ஜன்னல் பிரச்சினையே வராது.

ராப்பிரியன்:
புரோரெஸில் எடுத்தால் உங்கள் ஜன்னல் வராது, ராவில் எடுத்ததால் என் ஜன்னல் வந்தது. நான் சொன்னதும் அதுதானே. அப்புறம் ஒன்று, 2019-ல் 4கே-யிலிருந்து சினிமாடிஎன்ஜி என்ற ரா ஃபார்மேட்டை எடுத்துவிட்டு, பிளாக்மேஜிக் ரா என்ற பிராவைக் கொடுத்த பிறகு நிழல்வேட்டை மாதிரி ஆட்களுக்குப் புது கேமரா என்றாலே கோபம்.

நிழல்வேட்டை:
கோபம் இருக்கத்தான் செய்கிறது. சென்சார் தரவை முழு வண்ணப் படமாக்கும் டிமோசாயிக் வேலையில் ஒரு பகுதியைக் கேமராவுக்குள்ளேயே முடித்துவிட்டு ரா என்று பெயர் வைத்தால் எனக்கு ஏற்காது. சினிமாடிஎன்ஜியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனி ஃபைல், ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும்.

இரவுஷாட்:
ஆயிரக்கணக்கான ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து பார்த்தவருக்குத்தான் பிராவின் அருமை தெரியும்.

மீட்டர்காரர்:
மறுபடியும் கேட்கிறேன், ஜன்னலில் எந்தெந்தச் சேனல் நிரம்பியது என்று யாராவது பார்த்தீர்களா? ஒரு ஃபிரேமைப் போடுங்கள், பார்த்துவிடலாம்.

ராப்பிரியன்:
ஃபிரேம் எதற்கு? வந்தது என்கிறேன்.

நிழல்வேட்டை:
ஃபிரேமைப் போடச் சொன்னால் போடமாட்டீர்கள். நான் போடுகிறேன். 2014-ல் நானே தவறவிட்ட ஷாட் ஒன்று இருக்கிறது, மூன்று சேனலும் நிரம்பியது, டிஎன்ஜி ஃபைலாகவே தருகிறேன். அதில் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவரை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

ராப்பிரியன்:
உங்கள் ஷாட்டை நான் எதற்குச் சரிசெய்ய வேண்டும்? என் ஜன்னல் வந்தது.