ஜப்பானிய மழைப் பாட்டுகள்: மூன்றாவது சரணத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

நிஷிகசாய் அம்மா:
தோக்கியோவில் ஜூன் முதல் வாரத்தில் மழைக்காலம் பிடித்தால் ஜூலை பாதி வரை விடாது. அந்த நாட்களில் ஹொய்குயெனில் (மழலையர் காப்பகத்தில்) பிள்ளைகளுக்கு 'அமெஃபுரி' பாட்டுதான். மழையே பெய் பெய், அம்மா குடையோடு கூப்பிட வருவாள் என்று தொடங்கி, 'பிச்சி பிச்சி சப்பு சப்பு ரன் ரன் ரன்' என்று குட்டையில் குதிக்கிற சத்தத்தோடு முடியும். இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனால் முதல் சரணத்துக்கு மேல் யாரும் போவதில்லை.

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். மழை நாளில் வாசலில் என் மகன் பாடிக்கொண்டிருந்தபோது அவரும் சேர்ந்துகொண்டார். அவன் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்தவில்லை. மொத்தம் ஐந்து சரணம்! மூன்றாவதில் யாரோ ஒரு பிள்ளை தொப்பலாக நனைந்து வில்லோ மரத்தடியில் அழுதுகொண்டு நிற்கிறது. நான்காவதில் நம் பையன், "அம்மா, என் குடையைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பெரிய மனிதத் தோரணையில் அதை நீட்டுகிறான். அவனுக்கு? அம்மாவின் பெரிய குடைக்குள் நுழைந்துகொள்வானாம். அம்மாவோடு ஒட்டிக்கொண்டு நடக்க நல்ல சாக்கு கிடைத்தது என்று சொன்னேன், பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

மகனுக்கு மட்டும் சமாதானமாகவில்லை. "அந்தப் பிள்ளையோட அம்மா ஏன் வரல?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படிப் பின்பாதி ஏதாவது எதிர்ப்பட்டிருக்கிறதா?

யொகோஹாமாவாசி:
அந்த மூன்றாவது சரணத்தைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பேய்க்கதையே உலவுகிறது. மழையில் அதைப் பாடினால் நனைந்த பிள்ளை வந்து நிற்குமாம். என் மகள் அந்த வரி வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

எங்கள் வீட்டுக் கதை 'தெருதெரு போசு'. தெரியாதவர்களுக்கு: வெள்ளைத் துணியிலோ டிஷ்யூ தாளிலோ உருண்டைத் தலை வைத்துக் கட்டி, நாளைக்கு வெயில் அடிக்க வேண்டும் என்று ஜன்னலில் தொங்கவிடும் பொம்மை. அதற்கு ஒரு பாட்டு, 1921இல் வந்தது. முதல் சரணத்தில், வானம் வெளுத்தால் தங்க மணி தருகிறேன். இரண்டாவதில், இனிப்பு சாகே (அரிசி மது) நிறையத் தருகிறேன். மூன்றாவதில், மேகம் மூடி அழுதால் உன் கழுத்தைச் 'சொன்' என்று வெட்டிவிடுவேன்!

பள்ளிச் சுற்றுலாவுக்கு முந்தின இரவு மகனும் மகளும் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் கொட்டுகிறது. மகன் நேராகப் போய்க் கத்தரிக்கோலை எடுத்தான். தடுத்தால், "பாட்டில் இருக்கு அப்பா" என்கிறான். மகள் அழுகை. கடைசியில் ஒன்றின் தலை போனது, மற்றதையெல்லாம் மகள் ஒளித்துவைத்துவிட்டாள். அலுவலகத்தில் சொன்னேன். ஜப்பானிய நண்பர் கொஞ்சமும் அசரவில்லை, தலைகீழாகத் தொங்கவிட்டால் மழை வரும், மராத்தான் ஓட்டத்துக்கு முந்தின நாள் நாங்கள் அதைத்தான் செய்வோம் என்றார்.

சிபா செவிலி:
நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். மதியம் பாட்டு நேரம் உண்டு. மழை பெய்தால் அவர்களே கேட்பது 'அமெஃபுரி' இல்லை, 'அமெ' என்ற இன்னொரு பாட்டு. அதே கவிஞர்தான், கிதஹரா ஹக்குஷு. 1918இல் 'அகாய் தொரி' என்ற சிறுவர் பத்திரிகையில் வந்தது.

அதில் யாரும் கூப்பிட வருவதில்லை. ஒரு சிறுமிக்கு வெளியே போய் விளையாட ஆசை, குடை இல்லை. சிவப்பு வார் வைத்த மரச் செருப்பின் வாரும் அறுந்துவிட்டது. சரி, வீட்டிலேயே இருப்போம் என்று வண்ணத்தாளை மடிக்கிறாள். வெளியே ஒரு குஞ்சுப் பறவை கத்துகிறது, அதற்கும் குளிரும்தானே என்கிறாள். பொம்மையைத் தூங்க வைத்தாயிற்று, கம்பி மத்தாப்பு எல்லாவற்றையும் கொளுத்தித் தீர்த்தாயிற்று, மழை நிற்கவில்லை. பகலும் பெய்கிறது, இரவும் பெய்கிறது. அவ்வளவுதான், பாட்டு முடிந்தது.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவர்களை உட்காரவைத்து இப்படி ஒரு சோகப் பாட்டா என்று தோன்றியது. ஆனால் பாடி முடித்ததும் அவர்கள் கலகலவென்று பேச ஆரம்பிப்பார்கள். அறுந்த வாரை எப்படிச் சரிசெய்வது என்று தொண்ணூறு தாண்டிய ஒரு தாத்தா எனக்குக் காட்டினார்: கைத்துண்டை நீளமாகக் கிழித்து, முறுக்கி, ஓட்டைக்குள் விட்டு அடியில் முடிச்சுப் போட வேண்டும். எங்கள் கைத்துண்டு ஒன்று அன்று போனது. மழை நாளில் மத்தாப்பை எங்கே கொளுத்தினீர்கள் என்று கேட்டேன். சமையற்கட்டு மண் தரையில் என்று ஒரு பாட்டி, திண்ணையில் என்று இன்னொருவர், சண்டையே வந்துவிட்டது.

நிஷிகசாய் அக்கா, உங்கள் மகனின் கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தேன். "வயல் வேலைக்குப் போயிருப்பாள், வேறென்ன?" என்று ஒரு பாட்டி முடித்துவிட்டார்.

வயலின்காரன்:
கொஞ்சம் சங்கீதம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1925இல் வந்த அமெஃபுரிக்கும் தெருதெரு போசுவுக்கும் மெட்டமைத்தவர் ஒருவரே, நகயாமா ஷிம்பெய். ஹக்குஷுவும் அவர் காலத்துக் கவிஞர்களும் பள்ளிப் புத்தகப் பாட்டுகள் விறைப்பாக இருக்கின்றன, பிள்ளைகளின் மனசு அதில் இல்லை என்று நினைத்துத் தனியாக எழுதத் தொடங்கினார்கள். நீங்கள் சொல்கிற அழுகையும் மிரட்டலும் அங்கிருந்து வந்தவைதான். இன்றைக்கு நாம் முதல் சரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்பேன்.

நகயாமாவின் பல மெட்டுகள் நான்காவது, ஏழாவது சுரங்களை விட்டுவிடும். மிச்சம் ச ரி க ப த, நம்ம மோகனம்! வயலினில் வாசித்தால் விரல் தானாகப் போகும். அமெஃபுரியின் தத்தித் தத்திப் போகிற தாளத்தைத்தான் பிடிக்க வேண்டும், நேராக வாசித்தால் குட்டையில் குதிக்கிற குஷி வராது.

ஃபுகுஒகாவிலிருந்து:
ஹக்குஷு வளர்ந்த ஊர் யானாகவா எங்களுக்குப் பக்கம்தான். ஊர் முழுக்கக் கால்வாய், கரையில் வில்லோ மரங்கள். ஓடக்காரர்கள் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டே அவருடைய பாட்டுகளைப் பாடுவார்கள். நாங்கள் போனபோது நல்ல மழை. மழைக்கோட்டு மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். பாலங்கள் மிகத் தாழ்வு, தலையைக் குனிந்தே போக வேண்டும். பாலத்துக்கடியில் பாடும்போது குரல் எதிரொலித்து நன்றாக இருந்தது. 'அமெஃபுரி' பாடச் சொன்னோம், எங்கள் ஓடக்காரரும் ஒரே சரணத்தோடு நிறுத்திவிட்டார்! நனைந்த பிள்ளை நின்றது இந்த மரத்தடியில்தானா என்று கேட்டதற்கு, இங்கே மரத்துக்கா பஞ்சம், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சைதாமா அப்பா:
இவ்வளவு கனமாகப் போக வேண்டாம் என்கிறவர்களுக்கு 'அமெஃபுரி குமானொகோ'. மலையில் மழை பெய்து சின்ன ஓடை உண்டாகிறது. கரடிக்குட்டி ஓடி வந்து மீன் இருக்குமா என்று எட்டிப் பார்க்கிறது. இல்லை. தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்கிறது. திரும்பவும் பார்க்கிறது, இருந்துவிட்டால்? மழை விடுவதாக இல்லை, தலையில் ஒரு இலையை வைத்துக்கொள்கிறது. இதில் எல்லாச் சரணமும் பாடுவார்கள், கை அசைவோடு. என் மகள் இலைக்குப் பதில் சப்பாத்தியை வைத்துக்கொண்டாள். தொட்டுக்கொள்ள வைத்திருந்த பருப்பும் அதில்தான் இருந்தது.