போட்டோ பேக்கப்: மாசாமாசம் கிளவுடுக்கு கட்டணுமா, ஹார்ட் டிஸ்க் போதாதா?

கடலூரான்:
வீட்டு போட்டோ வீடியோ எல்லாம் சேர்த்து 80 ஜிபி கிட்ட வந்துருச்சு, பாப்பா காதுகுத்து வீடியோ மட்டுமே 20. கூகுள்ல இலவசமா தர்ற 15 ஜிபி ரொம்பி இப்ப ஜிமெயிலுக்கு மெயிலே வரல. கம்மி விலைல எது எடுக்கலாம்?

டிஸ்க்_தாத்தா:
கிளவுடே வேணாம் தம்பி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்கிப் போடுங்க, வேலை முடிஞ்சுது. கூகுள் போட்டோஸ்ல அளவே இல்ல, இலவசம்னு எல்லாரையும் ஏத்த வச்சுட்டு 2021 ஜூன்ல கதவை சாத்தினவங்கதானே, நாளைக்கு வாடகைய ஏத்தினா என்ன பண்ணுவீங்க?

வேளச்சேரி_அக்கா:
சாத்தினாங்க சரி, ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் சுருக்கி ‘ஹை குவாலிட்டி’ல ஏத்தினதை 15 ஜிபி கணக்குல சேர்க்கலயே, அதையும் சொல்லுங்க தாத்தா. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல கல்யாண ஆல்பமும் போச்சு, அதே பீரோல இருந்த டிஸ்க்கும் போச்சு. கூகுள்லயே 100 ஜிபி மாசம் 130 ரூபா, வருஷத்துக்கு கட்டினா 1300. அதையும் வீட்டுல இன்னும் அஞ்சு பேரோட பங்கு போட்டுக்கலாம், இதுக்குப் போய் இவ்ளோ யோசனையா

டிஸ்க்_தாத்தா:
4கே வீடியோ எடுத்தா நிமிஷத்துக்கே 300, 400 எம்பி போகுதும்மா, அந்த நூறு எத்தனை நாளைக்கு? அதோட அது பேக்கப்பே இல்ல, சிங்க். போன்ல இடம் பத்தலன்னு யாராச்சும் போட்டோஸ் ஆப்ல டிலீட் அடிச்சா கிளவுட்லயும் சேர்ந்து போயிடும், ட்ராஷ்ல 60 நாள் இருக்கும், அப்புறம் கோவிந்தா.

வேளச்சேரி_அக்கா:
இடம் வேணும்னா டிலீட் ஏன் அடிக்கணும், ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’னு தனியா இருக்கே, அது போன்ல மட்டும்தான் அழிக்கும். ‘ஸ்டோரேஜ் சேவர்’னு செட்டிங் போட்டா போட்டோ 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080க்கும் சுருங்கிடும், வாட்சப்ல பாக்கற சொந்தக்காரங்களுக்கு அதுவே அதிகம்.

சர்வர்_சுந்தரம்:
ரெண்டு பேரும் விடுங்க. அமேசான் கிளேசியர் டீப் ஆர்கைவ்னு, அடிக்கடி எடுக்காத ஃபைலைப் போட்டு வைக்கற கிளவுடு இருக்கு, 1 டிபிக்கே மாசம் ஒரு டாலர்தான் வரும்.

வேளச்சேரி_அக்கா:
பேத்தி போட்டோவ காட்டுடான்னு அம்மா கேட்டா, 12 மணி நேரம் பொறும்மா, மேலேர்ந்து இறங்கிட்டு இருக்குன்னு சொல்லவா? 😂

சர்வர்_சுந்தரம்:
பாக்கறதுக்கு இல்லக்கா, வீடு முழுகினா எடுக்கறதுக்கு. உங்க கேஸுக்கே அதுதான் சரி.

டிஸ்க்_தாத்தா:
இன்னொண்ணு. 2 வருஷம் யாரும் தொடாத கணக்கை கூகுள் அழிக்கலாம்னு ரூல், 2023 டிசம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. கட்டறவருக்கு ஒண்ணு ஆகி பணமும் நின்னுட்டா?

வேளச்சேரி_அக்கா:
அதுக்கும் செட்டிங் இருக்கு, இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர். நீங்க சொல்ற ஆளுக்கு டவுன்லோட் பண்ற லிங்க் போயிடும்.

கடலூரான்:
சரி 1300 கட்டிடறேன், டிஸ்க்கும் ஒண்ணு வாங்கி மாமியார் வீட்டுல வச்சுடறேன். எஸ்எஸ்டியா (சுத்தற தட்டு இல்லாம சிப்ல சேமிக்கறது) சாதா டிஸ்க்கா?

டிஸ்க்_தாத்தா:
சாதாவே போதும். எஸ்எஸ்டிய கரன்ட் குடுக்காம வருஷக்கணக்கா பீரோல பூட்டி வச்சா டேட்டா போக சான்ஸ் இருக்கு. எதுவா இருந்தாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சொருகி நாலு வீடியோ ஓடவிட்டுப் பாருங்க.