மலையேற்ற விபத்து நூல்கள்: வகைப்பெயர் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,

நூலகப் பொருள்தலைப்புப் பட்டியலில் மலையேற்றப் பகுதிக்கு வந்திருக்கிறோம். மேல்தலைப்பு 'மலையேற்றப் பேரிடர்'. அதன்கீழ் 'சர்வைவர் அக்கவுன்ட்' என்பதற்கு 'உயிர்பிழைத்தோர் கூற்று' என்று குறித்துள்ளேன். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

---

> மலையேற்றப் பேரிடர்

பேரிடர் வேண்டாம் ஐயா. புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று அரசாணைகளில் ஊன்றிவிட்ட சொல் அது. இங்கே போட்டால் பழி மொத்தமும் வானிலைமேல் விழும்.

1996 மே 10, எவரெஸ்ட். புயல் வந்தது மெய்தான். ஆனால் அதற்கு முன்பே, பால்கனி என்கிற திட்டுக்கு மேலும் உச்சிக்குச் சற்றுக் கீழே ஹில்லரி படி என்கிற செங்குத்துப் பாறையிலும் கயிறு கட்டி வைக்காததால் ஏறுவோர் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். வழிகாட்டி ராப் ஹாலின் அணியில் ஆளுக்கு மூன்று ஆக்சிஜன் உருளை. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்துவிட்டால் ஒன்று 5, 6 மணி நேரம் வரும். நள்ளிரவையொட்டிக் கிளம்பியவருக்கு மூன்றும் மறுநாள் மாலை 4, 5 மணிக்குள் தீர்ந்துவிடும். மதியம் 1 மணி, மிஞ்சினால் 2 மணி, அப்போது எங்கே நின்றாலும் இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ராப் ஹால் தம் வாடிக்கையாளர் டக் ஹான்சனோடு உச்சியில் நின்றபோது மணி 4 தாண்டியிருந்தது. இருவரும் முகாம் திரும்பவில்லை. இதற்குப் பேரிடர் என்று பெயர் வைத்தால் அந்த இரண்டு மணி நேரம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். 'மலையேற்ற விபத்து' போதும்.

கூடவே, மேலே சொன்ன அந்த விதியின் மணிக்கான 'டர்ன்அரவுண்ட் டைம்'. பட்டியலில் 'திரும்பும் நேரம்' என்றிருக்கிறது. எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்றல்லவா படிப்பார்கள்? 'திரும்பு கெடு' என் பரிந்துரை. கெடு வைத்தார், கெடு தாண்டினார் என்று வினையும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

---

விபத்து, திரும்பு கெடு இரண்டுக்கும் சம்மதம்.

> உயிர்பிழைத்தோர் கூற்று

எழுதியவர் பிழைத்தார் என்பதுதான் புத்தகம் கையில் இருப்பதிலேயே தெரிகிறதே! வாசகருக்குத் தெரிய வேண்டியது, அன்றைக்கு அவர் எங்கே நின்றார் என்பது. 'உடனிருந்தோர் கூற்று' என்று வைப்போம். கூற்று என்ற பாதியை விடக்கூடாது. அது ஒருவர் சொன்னது, தீர்ப்பு அன்று.

அந்த 1996 எவரெஸ்ட் விபத்தை எழுதிய ஜான் கிராக்கர் பத்திரிகையாளர், மலையேறத் தெரிந்தவர், அன்று உச்சி தொட்டவர். அவரே முகாமுக்கு அருகில் ஹாலின் அணி வழிகாட்டி ஆண்டி ஹாரிஸைப் பார்த்துப் பேசியதாக உறுதியாகச் சொன்னார். பிறகு விசாரித்ததில் அது இன்னொரு அணியின் மார்ட்டின் ஆடம்ஸ் என்று தெரிந்தது. ஹாரிஸ் முகாம்வரை வரவே இல்லை. கடல்மட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தமுள்ள காற்று, மங்கிய வெளிச்சம், முகமூடிக்குள் முகம்: யார் நின்றாலும் இது நடக்கும். திருத்தத்தையும் அவரே எழுதியது அவருக்குப் பெருமை.

சிக்கல் அதே விபத்தைப் பற்றிய அனடோலி புக்ரீவ் நூலில். கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் ஏறி, வாடிக்கையாளர்களுக்கு முன்பே இறங்கிவிட்ட வழிகாட்டி என்று அவர்மேல் குற்றச்சாட்டு. அன்றிரவே புயலுக்குள் தனியாகப் போய் மூவரை மீட்டதும் அவர்தான். அவர் தரப்பை டிவால்ட் என்பவர் உடன்சேர்ந்து எழுதி 1997-இல் வந்தது. டிவால்ட் அன்று மலையில் இல்லை. இதை எந்தத் தட்டில் வைப்பது? 'சொல்லக் கேட்டெழுதியது' என்று தனி வகை கேட்கிறேன்.

---

மூன்றாவது வகையும் வேண்டும், என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: 'விசாரித்தெழுதியது'. பாகிஸ்தான்-சீன எல்லையிலுள்ள கே2 சிகரத்தில் 2008 ஆகஸ்ட் 1 விபத்தில் 11 பேர் இறந்தார்கள். பாட்டில்நெக் என்னும் செங்குத்தான குறுகிய பனிப்பாதையில் கயிற்றை மிகத் தாழ்விலேயே கட்டத் தொடங்கிவிட்டதால் மேலே பற்றவில்லை; கீழே கட்டியதை அறுத்தெடுத்து மேலே கொண்டுபோகப் பொழுது போயிற்று. மாலையில் மேலிருந்த பனிக்கட்டித் திரள் உடைந்து விழுந்து, இருந்த கயிறும் போனது. ஷெர்ப்பாக்களும் பாகிஸ்தான் சுமைக்காரர்களும் என்ன செய்தார்கள் என்பதை மையமாக வைத்து 2012-இல் எழுதிய ஜக்கர்மன், படோவான் இருவருமே அன்று அங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. எலிசபெத் ஹாலி எந்தச் சிகரமும் ஏறாதவர். காத்மாண்டுவில் இருந்துகொண்டே அணிகளைத் துருவித் துருவிக் கேட்டு அவர் எழுதிவைத்த பதிவுகளைத்தான் ஏறியவர்களும் புரட்டுகிறார்கள்.

ஆனால் வகைப்பெயரைச் சும்மா கொடுத்துவிடக் கூடாது. சாட்சிகளைத் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும். வானொலி உரையாடல் நேரங்களோடு ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். எந்தக் கடிகாரம் என்றும் சொல்ல வேண்டும்: எவரெஸ்டின் வடபுறம் சீன நேரம், தென்புறம் நேபாள நேரம், இடையே 2 மணி 15 நிமிடம். அதே 1996 புயலில் வடபுறத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் மூவர் இறந்தார்கள். அவர்கள் கதையைக் கூட்டிப் பார்ப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் எல்லாமே புரண்டுவிடும்.

---

மூன்று வகையும் ஏற்கப்பட்டன. ஷெர்ப்பாக்களிடம் எந்த மொழியில் கேட்டார்கள், இடையில் நின்று சொன்னவர் யார் என்பதற்கும் பதிவில் ஓர் இடம் ஒதுக்குகிறேன். அதற்கு 'இடைமொழிஞர்' என்று வைக்கலாமா?

---

துபாஷி என்று ஒருவர் நம்மிடம் முந்நூறு வருஷமாக இருக்கிறாரே ஐயா.