எலிக்குஞ்சின் குரலும் என் பேரனின் மழலையும்: ஆட்டிசத்தைக் குரலைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா?

குடியாத்தம் ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் 30 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் மகள்வழிப் பேரனுக்கு இப்போது 13 மாதங்கள் ஆகின்றன. நான்காம் மாதத்தில் எல்லாக் குழந்தைகளையும் போல ‘ங்கா’ என்று குரல் கொடுத்தான். அதற்குப் பிறகு வர வேண்டிய ‘ம்மம்மா’, ‘தாத்தத்தா’ என்னும் அடுக்கொலிகள் இன்னும் வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் சில வேளைகளில் மட்டும் திரும்புகிறான். எங்கள் வீட்டை ஒட்டி லுங்கி நெய்யும் தறிகள் ஓடுகின்றன. தறி நின்றவுடன் அந்தத் திசையைப் பார்க்கிறான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்றே நாங்கள் எண்ணி வந்தோம்.

ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்களை மாற்றிய சுண்டெலிகள் பிறந்த சில நாட்களிலேயே வேறுவிதமாகக் குரல் எழுப்புகின்றன என்று ஒரு கட்டுரையில் படித்த நாள் முதல் என் மகள் குழந்தையின் அழுகையைக் கைப்பேசியில் பதிவு செய்து, இரவெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ஆய்வில் உண்மையில் என்ன கண்டிருக்கிறார்கள்? எலிக்குஞ்சுக்குப் பொருந்துவது மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா? மகள் தன் தாய்மாமன் மகனையே மணந்தவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மரபணு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவள் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறாள்.

காட்பாடிவாசி:

அம்மா, வணக்கம். சுண்டெலிகளின் குரலைப் பதிவு செய்யும் ஆய்வகமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், உங்கள் முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன்.

தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட எலிக்குஞ்சு, நம் காதுக்கு எட்டாத மீயொலியில் குரல் எழுப்பும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ். குஞ்சின் குரலோ பெரும்பாலும் 40 முதல் 90 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அளவில் இருக்கும். இதை முதன்முதலில் 1956இல் ஜெர்மனியில் சிப்பெலியுஸ், ஷ்லைட் ஆகிய இருவரும் பதிவு செய்தார்கள். கண் திறவாத, மயிர் முளைக்காத அந்தக் குஞ்சால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதால், கூட்டுக்கு வெளியே விழுந்துவிட்டால் அந்தக் குரல்தான் அதன் உயிருக்குத் துணை. தாய் அதைக் கேட்டு வந்து வாயால் கவ்வி எடுத்துச் செல்கிறது. பிறந்த முதல் வாரத்தின் பிற்பகுதியில் இந்தக் குரல் உச்சத்தை அடைந்து, கண் திறக்கும் இரண்டாம் வாரத்தின் முடிவில் ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது.

ஆய்வில் குஞ்சை ஒரு சிறு கிண்ணத்தில் 3 முதல் 5 நிமிடங்கள் வரை தனியே வைத்து, மேலே தொங்கும் ஒலிவாங்கி வழியாக எத்தனை முறை கூப்பிட்டது, ஒவ்வொரு கூப்பாடும் எவ்வளவு நேரம் நீடித்தது, சுருதி ஏறியதா இறங்கியதா என்பவற்றைக் கணினியில் வரைபடமாக்கிப் பார்ப்போம். நீங்கள் படித்த கட்டுரை ‘வேறுவிதமாகக் குரல் எழுப்புகின்றன’ என்று ஒரே வரியில் சொல்லிச் சென்றிருக்கும்; ஆனால் அந்த வேறுபாடு எல்லா எலிகளிலும் ஒரே திசையில் செல்வதில்லை. சிஎன்டிஎன்ஏபி2 என்னும் மரபணுவை நீக்கிய எலிகளில் குஞ்சுகள் குறைவாகக் கூப்பிட்டன என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரின் 15ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இரட்டிப்பாவதை ஒத்த மாற்றத்தை உண்டாக்கிய எலிகளிலோ, 2009 ஆய்வின்படி, குஞ்சுகள் வழக்கத்தைவிட அதிகமாகக் கூப்பிட்டன. ஆட்டிசத்தை ஒத்த நடத்தையை இயல்பிலேயே காட்டும் பிடிபிஆர் என்னும் எலி வகையிலும் 2008இல் கூடுதலான கூப்பாடுகளே பதிவாயின. ஆகவே ‘இத்தனை முறைக்கு மேல் அழுதால் ஆட்டிசம், இதற்குக் கீழ் இருந்தால் இல்லை’ என்னும் கோடு எலிகளிலேயே வரையப்படவில்லை. உங்கள் மகளிடம் இந்த ஒன்றை முதலில் சொல்லுங்கள்.

போதாததற்கு, அறை சற்றுக் குளிர்ந்தாலே குஞ்சு அதிகமாகக் கூப்பிடும். மரபணு மாற்றத்தால் வளர்ச்சி ஓரிரு நாள் பின்தங்கினால், உச்சத்தை அடையும் நாளும் தள்ளிப்போய், ஒரே ஒரு நாளில் பதிவு செய்தவருக்கு அது குறைபாடாகத் தோன்றிவிடும். ஆட்டிசத்தோடு தொடர்புடைய டிஎஸ்சி2 என்னும் மரபணுவை எலிகளில் ஆராய்ந்தவர்கள் 2010இல் கண்டது இன்னும் வியப்பானது: குஞ்சின் குரலைத் தாயின் மரபணு நிலையும் மாற்றியது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மற்றொன்று. மனிதரில் 22ஆம் குரோமோசோமில் உள்ள டிபிஎக்ஸ்1 மரபணுவின் ஒரு பிரதியை இழந்த குஞ்சுகளின் கூப்பாட்டை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோது, தாய் எலிகள் இயல்பான குஞ்சின் குரலுக்கு நெருங்கி வந்த அளவுக்கு அதை நெருங்கி வரவில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது குரலில் உள்ள சிறு மாற்றம் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பரிமாற்றத்தையே மாற்றக்கூடும். இதிலிருந்து தாய்மீது பழி சுமத்தும் முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது என்று வேண்டுகிறேன். தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று 1950களிலும் 60களிலும் சொல்லி எத்தனையோ தாய்மாரை நோகடித்தார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகிய ஆய்வாளர்கள் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒத்த இரட்டையரில் 11 இணைகளுள் 4 இணைகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. ஒவ்வா இரட்டையரின் 10 இணைகளுள் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு இப்படி வெளிப்பட்டதும், அந்தப் பழைய பழி அன்றே ஆட்டம் கண்டுவிட்டது.

பேச்சுப் பயிற்சியாளர், வேலூர்:

அய்யா சொன்னவற்றோடு ஒரு வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும். அம்மாவின் இரண்டாம் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. எலிக்குஞ்சின் கூப்பாட்டை நாம் குழந்தையின் அழுகையோடு ஒப்பிடலாமே தவிர, மழலையோடு ஒப்பிட முடியாது. பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத எலிகளும் இயல்பாகவே குரல் எழுப்புகின்றன என்று 2012இல் காட்டப்பட்டது. அது கேட்டுக் கற்கும் குரல் அல்ல. மனிதக் குழந்தையின் அடுக்கொலி அப்படிப்பட்டதில்லை. தன்னைச் சுற்றி ஒலிப்பதையும் தன் வாயிலிருந்து வருவதையும் கேட்டுக் கேட்டுத்தான் ‘ம்மம்மா’ உருவாகிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு ‘ங்கா’ வரும், அழுகை வரும், சிரிப்பும் வரும். பத்து மாதத்துக்குள் வர வேண்டிய அடுக்கொலி மட்டும் தாமதப்படும்.

ஆகவே, அம்மா, உங்கள் பேரனைப் பற்றி எழுந்துள்ள முதல் கேள்வி ஆட்டிசமா என்பதாக இருக்க வேண்டாம்; காது சரியாகக் கேட்கிறதா என்பதாக இருக்கட்டும். தறி நின்றதும் அவன் திரும்புவதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். தறியின் ஓசை பலத்தது, தாழ்ந்த சுருதியும் கொண்டது, அதன் அதிர்வைத் தரை வழியாகவும் உடல் உணரும். பேச்சில் வரும் ச, த, க போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதி கொண்ட ஒலிகள் கேட்கின்றனவா என்பதைத் தறி காட்டாது. நெருங்கிய உறவில் மணம் செய்த குடும்பங்களில் பிறவிச் செவிக்குறை சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால், பெரா என்னும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தை உறங்கும்போதே தலையில் சிறு மின்வாய்களை ஒட்டிச் செய்யும் வலியற்ற சோதனை அது. உறவில் மணந்ததற்காக உங்கள் மகள் தன்னை நொந்துகொள்வதில் யாருக்கும் பயனில்லை. மருத்துவரிடம் அதைத் தகவலாகச் சொன்னால் போதும்.

அதே வேளையில் வளர்ச்சி மதிப்பீட்டையும் செய்துகொள்ளுங்கள், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. அவன் உங்கள் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா, ‘டாட்டா’ காட்டுகிறானா, வேண்டியதைக் கைநீட்டிக் கேட்கிறானா, நீங்கள் பார்க்கும் திசையைத் தானும் பார்க்கிறானா என்பவை அழுகையின் சுருதியைவிடப் பல மடங்கு பயனுள்ள தகவல்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் தொடங்கலாம்.

கைப்பேசிப் பதிவைப் பற்றி: ஆட்டிசம் உள்ள மூத்த குழந்தையைக் கொண்ட குடும்பங்களில் பிறந்த ஆறு மாதக் குழந்தைகள் வலியில் அழுதபோது சுருதி உயர்ந்திருந்தது என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் இருந்தவர்கள் சில பத்துக் குழந்தைகளே. குழுக்களை ஒப்பிட உதவும் அந்த அளவீட்டைத் தனியொரு குழந்தைக்குப் பொருத்த முடியாது. அந்தப் பதிவுகளை அழித்துவிட்டு, அவன் விளையாடும்போது ஐந்து நிமிடக் காணொளி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அது மிகவும் உதவும்.

ஆம்பூர் அம்மா:

அக்கா, என் மகனுக்கு இப்போது ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவன். ஒன்றேகால் வயதில் ‘தாத்தா’, ‘பூ’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒன்றரை வயதில் அந்த இரண்டையும் நிறுத்திவிட்டான். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்று உறவினர் சொன்னார்கள். நாங்கள் காட்டிய மருத்துவரும் காத்திருக்கலாம் என்றே சொன்னார். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவினோம். இப்படியே இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. வந்த சொல் ஒன்று நின்றுபோனால் அது எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டிய செய்தி என்பதை எனக்கு அன்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு 13 மாதத்திலேயே இந்த எண்ணம் வந்திருப்பதைப் பயமாக நினைக்காதீர்கள், அக்கா. பயிற்சியை முடிவு தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. அவன் எழுப்பும் ஒலி எதுவானாலும் அதையே நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள். அவன் மறுபடி எழுப்பும்வரை முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். என் மகனுக்கு முதலில் கைகொடுத்தது இதுதான்.

குடியாத்தம் ஆசிரியை:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மகளுக்குப் படித்துக் காட்டினேன். டிபிஎக்ஸ்1 பற்றிய பகுதியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். வரும் வியாழக்கிழமை செவிச் சோதனைக்கு வேலூருக்குப் போகிறோம். காட்பாடித் தம்பிக்கு அவள் கேட்கச் சொன்ன ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: பதிவு முடிந்த பிறகு அந்தக் குஞ்சை என்ன செய்வீர்கள்?

காட்பாடிவாசி:

தாயிடமே திருப்பி வைத்துவிடுவோம், அம்மா. குஞ்சைத் தனித்து வைக்கும் நேரத்தைக் குறைவாக வைத்திருப்பதும், கையுறையில் கூட்டின் வாசம் படியும்படி கூட்டுப் பஞ்சைத் தேய்த்துக்கொண்டே குஞ்சைத் தொடுவதும் எங்கள் ஆய்வகத்தின் நடைமுறை. விலங்கு ஆய்வு நெறிக்குழுவின் ஒப்புதல் இன்றி எதையும் தொடங்க முடியாது. கூட்டில் வைத்ததும் தாய் வந்து நக்கித் தன் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஒலிவாங்கியை அணைக்காமல் விட்டிருந்தால், வரைபடத்தில் குரல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றுவிடுவதைப் பார்க்கலாம். வியாழக்கிழமைச் சோதனையில் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.