சேபன் போனது ஐந்து நிமிஷ முடிவா?

ரோல்டைட் ராமு (வியாழன், 11 ஜனவரி 2024, இரவு 8:40)

நேத்து இன்னொரு இழையில போர்க்கழுகு அண்ணாச்சி ஒரு முத்தை உதிர்த்திருந்தார். "நிக் சேபன் பிள்ளைகளை ஏமாத்தி நடு ரோட்ல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டார்." படிச்சதுல இருந்து எனக்கு வேலை ஓடலை. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல அலபாமா யூனிவர்சிட்டி கோச்சா 17 வருஷம், 6 தேசியப் பட்டம். அதுக்கு முன்னாடி லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யூ.) யூனிவர்சிட்டியில 2003ல வாங்கினதைச் சேர்த்தா 7. வயசு 72. அவர் எப்ப ஓய்வு எடுக்கணும்னு நம்ம பரம எதிரி ஆபர்ன் காலேஜ்காரங்ககிட்ட லீவ் லெட்டர் கொடுக்கணுமா?

புதன்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு டீம் மீட்டிங், அங்கதான் ஓய்வைச் சொன்னார். 4 அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கிறப்போ கூட, சொல்லலாமா வேண்டாமான்னு நாற்காலியில உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்ததா அவரே பேட்டியில சொல்லிட்டார். 3:55 வரைக்கும் மனசு கேட்காத மனுஷன் ஏமாத்துக்காரரா?

போர்க்கழுகு (இரவு 9:05)

3:55! தம்பி, நல்லா காதுல பூ சுத்தறீரு. அன்னைக்குப் பகல்ல உதவிக் கோச் வேலைக்கு ஆள் பார்த்து நேர்காணல் பண்ணிக்கிட்டு இருந்தவர், 3:55க்கு ஞானம் வந்து எழுந்திருச்சாராக்கும். நம்ம ஊர்ல ஜோசியரே இவ்வளவு துல்லியமா நேரம் குறிக்க மாட்டாரு.

டிசம்பர் 20ல அலபாமா டீம்ல சேரப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டாச்சு. சரியா மூணு வாரத்துல கோச் இல்லை. பதினேழு வயசுப் பையன் யாரை நம்பிப் போட்டான்? சாபனை நம்பி.

ரோல்டைட் ராமு (இரவு 9:11)

சேபன். சாபன் இல்லை. பத்து தடவை சொல்லியாச்சு.

போர்க்கழுகு (இரவு 9:13)

எங்களுக்கு 17 வருஷமா அது சாபம்தான். அதனால சாபன்.

அட்லாண்டா அக்கா (இரவு 9:30)

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் இருங்கப்பா. "திடீர்"னா என்ன, "ஏமாத்தறது"ன்னா என்ன? ஒப்பந்தம் பாக்கி இருக்கிறப்போ போறதா, சீசன் நடுவுல போறதா, இல்ல இன்னொரு காலேஜுக்குத் தாவறதா? அதை முடிவு பண்ணாம எத்தனை பக்கம் எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. அதுவும் இந்த வாரம் எல்லாருமே போறாங்க. புரொஃபெஷனல் லீக்ல புதன்கிழமையே சியாட்டில் கோச் பீட் கேரல் போயாச்சு, இன்னைக்கு நியூ இங்கிலாந்து கோச் பெலிசிக். நான் தெரிஞ்சுக்க வந்தது அடுத்த கோச் யாருன்னுதான்.

ரோல்டைட் ராமு (இரவு 9:52)

அக்கா, வரேன். முதல்ல இந்த நேர்காணல் விஷயம். அதுதானே என் கட்சி! காலையில ஆள் எடுத்துட்டு இருந்தவர் போறதா முடிவு பண்ணியிருக்கவே முடியாது. அண்ணாச்சி எனக்குச் சாட்சி சொல்லிட்டு எதிர்க்கட்சின்னு நினைச்சுட்டு இருக்கார்.

நேத்து ராத்திரி ஸ்டேடியம் வாசல்ல இருந்தேன். பிரையன்ட்-டென்னி முன்னாடி அவர் சிலை இருக்கு இல்லையா, அதோட காலடியில ஜனங்க பூவோட சேர்த்து ஓட்மீல் கிரீம் பைங்கற (pie) பிஸ்கட்டை வைக்கறாங்க. அவர் தினமும் காலையில ரெண்டு தின்பாரே, அந்த லிட்டில் டெபி பாக்கெட். என் பக்கத்துல ஒரு பெரியவர் பெட்டியைப் பிரிச்சு ஒண்ணு ஒண்ணா அடுக்கிட்டு, கடைசி ஒண்ணைத் தான் பிரிச்சுச் சாப்பிட்டார். நம்ம ஊர்ல படையல் வெச்சுட்டுப் பிரசாதம் எடுத்துக்கற மாதிரி. ஏமாத்திட்டுப் போனவருக்கு யாராவது படையல் போடுவாங்களா?

போர்க்கழுகு (இரவு 10:08)

படையல் யாருக்குப் போடுவாங்கன்னு நான் சொல்லி நீர் தெரிஞ்சுக்கணுமா?

2006 டிசம்பர். மயாமி டால்பின்ஸ் கோச்சா இருந்தாரு. "நான் அலபாமா கோச்சாகப் போறதில்லை"ன்னு மைக் முன்னாடி சொன்னாரு. ஜனவரி 3, 2007ல அலபாமா கோச். அந்த வாயி 3:55ன்னு சொன்னா நான் 3:55ன்னு எழுதிக்கணுமாக்கும்.

ரோல்டைட் ராமு (இரவு 10:31)

எதிர்பார்த்தேன். எந்த இழைக்கு வந்தாலும் 2006. இட்லி பத்தின இழையிலயும் 2006 எழுதுவீங்க. 17 வருஷத்துக்கு முன்னாடி புரொஃபெஷனல் லீக்ல சொன்ன ஒரு வாக்கியம். அதுக்கப்புறம் டெக்சாஸ் கூப்பிடுதுன்னு எத்தனை வதந்தி, போனாரா? மத்தவங்க போற லட்சணத்தைப் பாருங்க. 2021 நவம்பர் கடைசியில அடுத்தடுத்து ரெண்டு நாள்ல லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டார், பிரையன் கெல்லி நோட்ரடேமை விட்டார். ரெண்டும் வேற காலேஜுக்குத் தாவல். இவர் வீட்டுக்குப் போறார்.

எங்க பழைய கோச் 'பேர்' (Bear) பிரையன்ட்டை நினைச்சுப் பாருங்க. 25 சீசன் இருந்துட்டு 1982 டிசம்பர் 29ல கடைசி ஆட்டம். ஜனவரி 26ல ஆளே இல்லை. 28 நாள். சேபனாவது பேரப்பிள்ளைகளோட உட்காரட்டுமே.

3:55ஐப் பத்தி இன்னொண்ணு. ரோஸ் பவுல் அரையிறுதியில மிச்சிகன்கிட்ட 27-20ன்னு எக்ஸ்ட்ரா டைம்ல தோத்துப் பத்து நாள்கூட ஆகலை. நாலாவது டௌன், அதாவது கடைசி வாய்ப்பு, கோலுக்கு மூணு யார்டு, எங்க பையன் மில்ரோ நேரா ஓடி மாட்டிக்கிட்டான். அப்படி ஒரு ஆட்டத்தோட போகலாமா வேண்டாமான்னு எந்த மனுஷனுக்கும் கடைசி நிமிஷம் வரைக்கும் ஊசலாட்டம் இருக்கும்.

போர்க்கழுகு (இரவு 10:40)

சாபனுக்கும் கடிகாரத்துக்கும் ராசி இல்லை, விட்டுருங்க. 2013ல எங்க ஸ்டேடியத்துல நடுவர்கிட்ட மல்லுக்கட்டி ஒரு நொடியைத் திருப்பி வாங்கினாரு. அந்த ஒரு நொடியில 57 யார்டு உதை, போதலை, எங்க கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடிச்சு மைதானம் முழுக்க ஓடினான். 34-28. ஒரு நொடியே அப்படின்னா அஞ்சு நிமிஷம் கேக்கணுமா.

ரோல்டைட் ராமு (இரவு 10:44)

நாலாவது டௌன், 31 யார்டு, அதையும் அடிச்சு உங்களை ஜெயிச்சோம். போன நவம்பர். எங்க ஸ்டேடியம்கூட இல்லை, உங்க ஸ்டேடியம். அவ்வளவுதான் சொல்வேன்.

வட்டப்பந்து (இரவு 11:15)

காலால தொடாத ஆட்டத்துக்குக் கால்பந்துன்னு பேர் வெச்சதே ஒரு ஏமாத்து. அதுல எவன் எவனை ஏமாத்தினா என்ன?

போர்க்கழுகு (இரவு 11:19)

அலபாமாக்காரங்களுக்கு உதைக்கத் தெரியாதது நிஜம். மேலே 57 யார்டைப் பாருங்க.

அட்லாண்டா அக்கா (வெள்ளி, காலை 7:50)

காலையில எழுந்து பார்த்தா அலபாமா விளையாட்டு இயக்குநர் கிரெக் பர்ன், புதுக் கோச் தேடப் பிள்ளைங்ககிட்ட 72 மணி நேரம் கேட்டிருக்கார்னு செய்தி. அவர் கோச் கண்டுபிடிச்சுடுவார், நீங்க 3:55ஐத் தாண்ட மாட்டீங்க. சரி, ஆரிகன் கோச் டேன் லானிங் நேத்து வீடியோ போட்டுட்டார், வர மாட்டாராம். ஒப்பந்தத்தை முறிக்கக் கட்டற விடுதலைத் தொகையே 2 கோடி டாலர். மிச்சம் யார்?

ரோல்டைட் ராமு (காலை 8:20)

நல்ல கேள்வி. கிளெம்சன் கோச் டாபோ ஸ்வினிதான் மண்ணின் மைந்தன். 1992 பட்டம் வாங்கின அலபாமா டீம்ல ரிசீவர். ஆனா கிளெம்சன் போன சீசன்ல 9 வெற்றி, 4 தோல்வி (9-4). பிளேயரை வேற காலேஜ்ல இருந்து எடுக்க மாட்டேன்னு விரதம் வேற. போதாததுக்கு அலபாமாவுக்குப் போனா அபராதம் அதிகம்னு ஒப்பந்தத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. சர்கீசியன் டெக்சாஸை விட மாட்டார். கிஃபின்? எங்ககிட்ட உதவிக் கோச்சா இருந்து 2017 ஃபைனலுக்கு ஒரு வாரம் முன்னாடி வெளியே அனுப்பப்பட்டவர், அவரை நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன்.

யார் வந்தாலும் ரே பெர்கின்ஸ் கதிதான்னு பயமா இருக்கு. பிரையன்ட்டுக்கு அப்புறம் வந்தவர். பெரியவர் ஏறி நின்னு பார்த்த கோபுரத்தை மைதானத்துல இருந்து எடுத்தார், 1984ல 5-6. ஜனங்க இன்னும் அந்தக் கோபுரத்தைப் பத்திப் பேசறாங்க.

போர்க்கழுகு (காலை 8:33)

பாத்தீரா, நீரே ஒத்துக்கிட்டீரு. அடுத்தவன் கஷ்டப்படுவான்னு தெரிஞ்சே டிசம்பர்ல சொல்லாம ஜனவரியில போயிருக்காரு.

ரோல்டைட் ராமு (காலை 8:35)

டிசம்பர்ல தெரியாது! தெரிஞ்சது 3:55க்கு!

மழைக்காட்டான் (வெள்ளி, மாலை 6:02)

சியாட்டிலிலிருந்து வணக்கம். உங்கள் 72 மணி நேரம் முடியும் முன்பே எங்கள் வாஷிங்டன் பல்கலைக்கழகக் கோச் கேலன் டிபோரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். திங்கள் இரவு ஹூஸ்டனில் தேசிய ஃபைனலில் மிச்சிகனிடம் 34-13 தோற்றோம். வெள்ளிக்கிழமை கோச் இல்லை. எங்கள் சுவரில் ஒட்டிய சுவரொட்டிகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. ரெண்டு வருஷத்தில் 25-3. 1 கோடியே 20 லட்சம் டாலர் கட்டிவிட்டால் முடிந்ததா? ஏமாற்று என்றால் இது ஏமாற்று. மேலே இருவரும் எதற்கு அழுகிறீர்கள் என்றே புரியவில்லை.

ரோல்டைட் ராமு (மாலை 6:30)

வாங்க சார். வருத்தம் புரியுது. ஆனா உங்க கோச்சும் ஃப்ரெஸ்னோவை விட்டுட்டுத்தானே உங்ககிட்ட வந்தார்? அப்ப ஃப்ரெஸ்னோக்காரங்க சுவரொட்டிக்கு நீங்க அழுதீங்களா?

உண்மையைச் சொன்னா எனக்கே முழு திருப்தி இல்லை. சவுத் டகோட்டா ஆள். சூ ஃபால்ஸ்னு சின்னக் காலேஜ்ல 67-3, மூணு பட்டம். அதெல்லாம் சரி. ஆனா தெற்கில ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. ஜார்ஜியாவில ஒரு பையன் வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து, அவனை நம்ம டீமுக்கு இழுக்க ஜார்ஜியா கோச் கர்பி ஸ்மார்ட்டோட போட்டி போடணுமே.

மழைக்காட்டான் (மாலை 6:41)

டெக்சாஸை ரெண்டு தடவை வீழ்த்தினார். நீங்கள் சொந்த மைதானத்தில் அதே டெக்சாஸிடம் 34-24 தோற்றீர்கள். வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள்.

போர்க்கழுகு (மாலை 6:50)

ஹாஹா. சியாட்டில் சார், உங்களுக்கு ஒரு பொங்கல் பானை பார்சல்.

ரோல்டைட் ராமு (மாலை 6:58)

நியூ மெக்சிகோ ஸ்டேட்கிட்ட 31-10 தோத்தவங்க சிரிக்கறாங்க பாருங்க. அதுவும் நவம்பர்ல, சொந்த மைதானத்துல.

போர்க்கழுகு (இரவு 7:04)

சாபன் 2007ல லூசியானா மன்ரோகிட்ட தோத்ததை யார் எழுதுவா? அதே வருஷம் பாடப்புத்தக ஊழல்ல அஞ்சு வெற்றியைக் காலேஜ் விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. அழிச்சிடுச்சு. அதனால அலபாமாவில அவரு வெற்றி 206 கிடையாது, 201.

ரோல்டைட் ராமு (இரவு 7:06)

206. மைதானத்துல ஜெயிச்சதைக் காகிதத்துல அழிக்க முடியாது.

போர்க்கழுகு (இரவு 7:07)

201.

அட்லாண்டா அக்கா (சனி, காலை 9:15)

புதுக் கோச் வந்தாச்சு. இந்த 2024 விதிப்படி, கோச் மாறினா பிளேயர்கள் வேற காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர் ஆக 30 நாள் திறந்திருக்கும். யார் யார் போவாங்க, டிஃபென்ஸ் யார் கையில? யாராவது ஒருத்தர் இதுக்குப் பதில் சொல்லுங்கப்பா, புண்ணியமாப் போகும்.

ரோல்டைட் ராமு (காலை 9:40)

சொல்றேன் அக்கா, விரிவாவே எழுதி வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி அந்த 3:55. நேத்து ராத்திரி பேட்டியை மறுபடி பார்த்தேன். "முடிவு பண்ணினேன்"னு சொல்லலை, "அப்பவும் யோசிச்சுட்டு இருந்தேன்"னுதான் சொல்றார். அண்ணாச்சி இதைக் கவனிக்கவே இல்லை.

போர்க்கழுகு (காலை 9:44)

அப்ப 3:56ன்னு வெச்சுக்குவோமா?